முட்டுக்கட்டை

நாள்தோறும் மக்கள் வழங்கும் சொற்களுள் சில, தம் முதற்பொருள் மறைந்து, அதனின் வேறான பொருளால் பெயர் பெற்று நிற்கின்றன. 'முட்டுக்கட்டை' என்னும் சொல் அத்தகையது. ஊரில் ஒரு நற்செயல் தொடங்கும்பொழுது ஒருவர் அதனைத் தடுப்பாராயின், "அவர் முட்டுக்கட்டை போடுகிறார்" என்று பிறர் குறை கூறுவர். இவ்வழக்கில் முட்டுக்கட்டை என்பது முன்னேற்றத்திற்குப் பகையான தடை என்றே பொருள்படுகிறது. ஆனால், சக்கரத்தின் அடியில் கிடக்கும் உண்மையான முட்டுக்கட்டை யாருக்கும் பகையன்று; அது பல உயிர்களைக் காக்கும் காவலாகும்.

முட்டு, கட்டை என்னும் இரு சொற்கள் சேர்ந்து முட்டுக்கட்டை ஆயிற்று. முட்டுதல் என்பது மோதுதல். மாடு முட்டும், நிலைப்படி தாழ்வாயின் தலை முட்டும். அதே சொல் தாங்குதல் என்னும் பொருளிலும் வரும். குலை தள்ளிய வாழை சாயாதிருக்க உழவர் முட்டுக் கொடுப்பர். சாயும் சுவருக்கும் முட்டுக் கொடுப்பர். ஆகவே எதிர்த்து நிற்றலும் தாங்கி நிற்றலும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தும் வண்டிக்காரர், மாடுகளை அவிழ்க்குமுன் சக்கரத்தின் சரிவுப் பக்கத்தில் ஒரு கல்லையோ கட்டையையோ வைப்பார். அது சக்கரத்தை எதிர்க்கிறது. அதனாலேயே வண்டியைத் தாங்குகிறது.

இக்கட்டையின் பெருமையைத் தேரோட்டத்தில் நன்கு காணலாம். திருவாரூர் ஆழித்தேர் முழு அலங்காரத்துடன் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது என்பர். இத்தகைய தேரை வடம் பிடித்து இழுப்போர் பல்லாயிரவர். எனினும், அவர்கள் அனைவரும் கூடினாலும் ஓடும் தேரை நிறுத்த இயலாது. வடம் இழுக்குமேயன்றித் தள்ளாது. நிறுத்தும் பணியும் திருப்பும் பணியும் சக்கரத்தடியில் கட்டையிடும் சிலருக்கே உரியவை.

தேர் முட்டுக்கட்டை ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் ஆப்புப்போலச் செதுக்கப்பட்டிருக்கும். சக்கரம் அதன்மீது ஏற முயலும்பொழுது தேரின் எடையே கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. கட்டைக்கும் தரைக்கும் இடையே உராய்வு மிகுகிறது. தேரின் விரைவு தணிகிறது. இவ்வாறு தேரின் பாரமே தேருக்குத் தடையாக மாறுகிறது. தெருமுனையில் கட்டையைச் சற்றுச் சாய்த்து இடுவர். சக்கரம் அதன்மேல் வழுக்கி ஒருபக்கமாக விலகும், தேரும் திரும்பும்.

கூட்டத்தின் கண்கள் தேரின் உச்சியை நோக்கியிருக்க, கட்டையிடுவோரின் கண்கள் சக்கரத்தின் அடியையே நோக்கியிருக்கும். முந்தி இட்டால் தேர் வேண்டாத இடத்தில் நின்றுவிடும். பிந்தி இட்டால் கூட்டத்திற்கு ஊறு நேரும். இட்ட கையை உடனே விலக்காவிடில் அக்கைக்கே கேடு. இப்பணியில் உயிரிழந்தோரும் உளர். பின்னாளில் திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் ஆழித்தேருக்கு இரும்பு அச்சுகளும் சக்கரங்களும் அமைத்து, நீர்ம அழுத்தத்தால் இயங்கும் தடைகளையும் பொருத்தியது. அதன் பின்னரும் கட்டையிடுவோர் தேரை விட்டு நீங்கினாரில்லை.

முட்டு தவறினால் நேரும் கேட்டை வேறொரு நாட்டின் வரலாறு காட்டுகிறது. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அயர்லாந்து நாட்டின் ஆர்மா நகரிலிருந்து சிறுவரும் பெரியோருமாகப் பலர் கடற்கரைக்கு உலாச் செல்லப் புகைவண்டியில் புறப்பட்டனர். வண்டி ஒரு மேட்டில் ஏற இயலாமல் நின்றது. அதனை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியை முதலில் கொண்டுசெல்ல முயன்றனர். பிரித்தவுடன், எஞ்சினிலிருந்து இயக்கப்பட்ட தடை பிற்பகுதிக்கு இல்லாமற் போயிற்று. கடைசிப் பெட்டியின் கைத்தடையையும் சக்கரங்களுக்கு முட்டாக வைத்த கற்களையுமே நம்பினர். முற்பகுதி புறப்படும்பொழுது சிறிது பின்வாங்கிப் பிற்பகுதியை இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்த மற்றொரு வண்டியின்மீது மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவருள் சிறுவர் பலர்.

இணைப்பு அறுந்தாலும் தானே சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும் காற்றுத் தடையை, ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1872ஆம் ஆண்டிலேயே அமைத்திருந்தார். எனினும் அத்தகைய தானியங்கித் தடை ஆர்மா வண்டியில் இல்லை. அவ்விபத்துக்குப் பின்னரே, பயணிகள் வண்டியின் எல்லாப் பெட்டிகளிலும் அத்தகைய தடை இருத்தல் வேண்டும் என்று பிரிட்டன் நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. அறிந்த காவலைக் காலத்தில் கைக்கொள்ளாமையின் விலை அத்துணைப் பெரிதாயிற்று.

இக்கால ஊர்திகளில் கட்டை சக்கரத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் உடலுக்கே இடம் மாறியுள்ளது. மிதிவண்டியின் பிடியை அழுத்தினால் இரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும். அவற்றைப் 'பிரேக் கட்டை' என்றே மக்கள் வழங்குவர். வேறு பல ஊர்திகளில், சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தில் பிறை வடிவான இரு கட்டைகள் விரிந்து அழுந்தும். பட்டறைகளில் அவற்றைப் 'பிரேக் ஷூ' என்பர். ஓட்டத்தின் ஆற்றல் உராய்வினால் வெப்பமாக மாறுகிறது, ஊர்தி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டை சிறிது தேய்கிறது. தான் தேய்ந்து பிறரைக் காக்கும் அதனை உரிய காலத்தில் மாற்றாதவர், தம் உயிரோடு வழிச்செல்வோர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குகிறார்.

பொறாமையால் பிறர் செயலைத் தடுப்பாரை 'முட்டுக்கட்டை' என்னும் வழக்கு நிலைபெற்றுவிட்டது. அதனை மாற்றுதல் அரிது. ஆயினும், தடுப்பவர் எல்லாரும் அவ்வகையினர் அல்லர். பழுதுற்ற பாலத்தின்மீது பேருந்து செல்லலாகாது என்று தடுக்கும் பொறியாளரும், வெள்ளம் புரளும் ஆற்றில் இறங்காதே என்று தடுக்கும் முதியவரும் இடுவது தேரின் முட்டுக்கட்டை போன்றது. இவ்வேறுபாட்டை அறிந்து சொல்லை வழங்குதல் வேண்டும். தேர் ஓடினால் மட்டும் போதாது. குறித்த நிலையை வந்தடைதல் வேண்டும். வடம் தேரை ஓட்டுகிறது. முட்டுக்கட்டை அதனை நிலை சேர்க்கிறது.