ஊழியரா, ஒப்பந்தக்காரரா? – மசாஜ் தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு பாடம்

மறிச்சுக்கட்டி போன்ற கிராமமொன்றிலிருந்து வெளியூர் ஹோட்டலுக்கு மசாஜ் வேலைக்குச் செல்லும் இளைஞரிடம், "உமக்கு மாதச் சம்பளம் இல்லை, ஆளுக்கு இவ்வளவு தருவோம். நீர் சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்று கூறப்படலாம். இதனால் அவர் இழப்பது என்ன?

ஊழியர் ஒருவரின் மாதச் சம்பளம் 40,000 ரூபா என வைப்போம். தொழில்தருநர் தமது பணத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் (4,800 ரூபா), ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் (1,200 ரூபா) செலுத்த வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு இந்த 6,000 ரூபா கிடையாது. எண்ணெய், துவாய், பஸ் செலவு ஆகியனவும் பெரும்பாலும் அவர் தலையிலேயே விழும். வாடிக்கையாளர் வராத நாளில் வருமானமும் இல்லை. ஆகவே ஊழியரின் சம்பளத்துக்குச் சமமான தொகைக்கு உடன்படுவது நட்டமே.

எனினும், பெயர் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. நேரத்தையும் கட்டணத்தையும் குறிப்பவர் யார்? கட்டிலும் எண்ணெயும் யாருடையவை? வேறிடத்தில் வேலை செய்ய அனுமதி உண்டா? எல்லாம் ஹோட்டலின் கையில் இருந்தால் அவர் ஊழியராகவே கருதப்படக்கூடும். 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் வாய்மொழி உடன்படிக்கையையும் ஏற்கிறது. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

உண்மையாகவே சுயாதீனமாகத் தொழில் செய்வோர் செய்ய வேண்டியவை:

1. தினமும் வரவு செலவைக் கொப்பியில் எழுதுதல்.
2. தமது பங்கையும் பணம் தரும் நாளையும் எழுத்தில் பெறுதல்.
3. சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரித்துச் சேருதல். இச்சபை 1996ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்தது.

குழுவாகச் சிந்திக்க: 'ஒப்பந்தம்' என்ற பெயரில் ஊழியராகவே உழைப்போர் நம் ஊரில் யார்?