கவனம் சிதறிய கணமும் சட்டம் காட்டும் வழியும்

நுழையும்முன்

சாலை அனைவருக்கும் பொதுவானது. ஒருவரது கவனக்குறைவு மற்றொருவரது பிழைப்பைப் பறிக்கும்போது, தவறிழைத்தவரைத் தண்டிப்பதோடு நீதி நிறைவுறுவதில்லை. இழந்தவருக்கு ஈடு செய்வதும் நீதியின் பணியே. அந்த ஈட்டைப் பெறும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று நொடிகள்

முப்பத்தெட்டு வயதுத் தச்சர் ஒருவர் வேலை முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்புவதாகக் கொள்வோம். பின்னால் வரும் மகிழுந்தின் ஓட்டுநர், கைப்பேசியில் வந்த செய்தியைப் படிக்கிறார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் மூன்று நொடிகளில் 50 மீட்டரைக் கடந்துவிடும். அத்தொலைவு முழுவதும் ஓட்டுநரின் கண்கள் சாலையில் இல்லை. மகிழுந்து மோதித் தச்சரின் இடக்கை நசுங்குகிறது. இனி அவர் என்ன செய்யலாம்?

உயிர் காத்தலும் சான்று காத்தலும்

முதற்கடமை மருத்துவமே. விபத்தில் காயமுற்றோர்க்கு முதல் 48 மணிநேரம் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு தொடங்கியது. திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் உரிய வரம்புக்குள் இவ்வுதவி கிடைக்கும்.

அடுத்தது சான்று. காவல் நிலையத்தில் பதியப்படும் முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் காயச் சான்று, மருந்து இரசீதுகள், விபத்தைக் கண்டவர்களின் சாட்சியம் ஆகியவை பின்னர் பெரிதும் உதவும். ஓட்டுநரின் கவனம் சிதறியதைக் காட்டுவதற்குக் கண்காணிப்புக் கேமராப் பதிவும், காவல்துறை கேட்டுப் பெறும் கைப்பேசி அழைப்புப் பதிவும் துணைபுரியும்.

இரு வழக்குகள்

ஒரே விபத்திலிருந்து இரு வழக்குகள் எழலாம். ஒன்று குற்றவியல் வழக்கு. வாகனம் ஓட்டும்போது கையில் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. முதன்முறைக் குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தண்டத்தொகை அரசுக்குச் செல்லும். அதனால் தச்சரின் வீட்டில் அடுப்பு எரியாது.

அவருக்குரிய வழி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 166ஆம் பிரிவின்படி, விபத்து நிகழ்ந்த பகுதிக்கோ தாம் வாழும் பகுதிக்கோ உரிய தீர்ப்பாயத்தில் அவர் மனு அளிக்கலாம். குற்றவியல் வழக்கில் ஐயத்திற்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலோ, நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். ஆகவே, ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுவிக்கப்பட்டாலும் இழப்பீட்டு உரிமை தானாக மறைந்துவிடாது. மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்பதால், பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே தொகையைச் செலுத்துகிறது.

ஓட்டுநரின் தவறை மெய்ப்பிக்காமலேயே கொடுங்காயத்திற்கு 2.5 இலட்சம் ரூபாய் பெற 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆயினும் காப்பீட்டு நிறுவனம் முன்வைக்கும் அத்தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் அளித்த மனு நின்றுபோகும். எனவே, கையெழுத்திடும் முன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு கையின் விலை

இழப்பை எவ்வாறு அளவிடுவது? 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியது. இடக்கையை இழந்த அரசு எழுத்தர் பணியில் தொடரக்கூடும். அதே கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தம் தொழிலையே இழக்கக்கூடும். ஆகவே, உடலின் இயலாமையை மட்டுமன்றி, அது வருவாயைப் பாதிக்கும் அளவையும் நோக்க வேண்டும்.

தச்சரின் மாத வருவாய் 20,000 ரூபாய் எனவும், வருவாய் ஈட்டும் திறனில் பாதி குறைந்தது எனவும் கொள்வோம். ஆண்டிழப்பு 1,20,000 ரூபாய். 36 முதல் 40 வயதுக்குரிய பெருக்கெண் 15. எனவே வருவாய் இழப்பு 18 இலட்சம் ரூபாய். மருத்துவச் செலவு, உடல்வேதனை, எதிர்கால வருவாய் உயர்வு ஆகியன இதனுடன் சேர்த்துக் கருதப்படும். 2.5 இலட்சத்திற்கும் இதற்கும் உள்ள தொலைவே, அவர் தம் உரிமையை அறிந்திருப்பதன் பயன்.

காலம் தாழ்த்தாமை

விபத்து நிகழ்ந்த ஆறு மாதங்களுக்குள் மனு அளிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் முதலியோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். ஏனையோர்க்கு வருமான வரம்பு உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் இசைந்து விரைவாகத் தீர்வு காணவும் இயலும்.

இழப்பீடு இரந்து பெறும் உதவியன்று. சட்டம் வழங்கிய உரிமை. எத்தொகையும் தச்சரின் கையைப் பழையபடி ஆக்கிவிடாது. ஆனால், அவர் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகாமல் அது காக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு காக்கிறது. தம் பெயரைத் தெரிவிக்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்த இயலாது.

கற்பவை கற்றபின்

1. குற்றவியல் வழக்கும் இழப்பீட்டு வழக்கும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ஒரே காயம் இருவருக்கு வெவ்வேறு இழப்பீட்டைப் பெற்றுத்தருவது நீதியாகுமா? வகுப்பில் கலந்துரையாடுக.