டிரைவர் சீட்டும் ஸ்டீயரிங்கும் ஒரே கோட்டில் இருக்கிறதா?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



வீல் அலைன்மென்ட் என்றால் நம் வகுப்பில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். கேம்பர், காஸ்டர், கிங்பின் இன்க்ளினேஷன், டோ-இன் எல்லாம் மனப்பாடம். ஆனால் "டிரைவர் அலைன்மென்ட் சரியா இருக்கா?" என்று யாராவது கேட்டால்? "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்று நாம் திருப்பிக் கேட்போம். தொழிற்பயிற்சிக்குப் போகும்வரை நானும் அந்த நிலைமையில்தான் இருந்தேன். அங்கே நான் செய்த ஒரு தவறு இந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுத்தது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

1. மூன்று கோடுகள்

ஒரு காரை மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். டிரைவர் சம்பந்தப்பட்ட மூன்று கோடுகள் உண்டு.

ஒன்று: சீட்டின் நடுக்கோடு.
இரண்டு: ஸ்டீயரிங் வீலின் மையத்தின் வழியே முன்பின்னாகச் செல்லும் கோடு.
மூன்று: பெடல்களின் நடுக்கோடு. அதாவது க்ளட்ச் இடது காலுக்கும், பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் வலது காலுக்கும் நேராக வரும்படியான கோடு.

இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். அந்த ஒரே கோடு காரின் மையக்கோட்டுக்கு இணையாகவும் இருக்க வேண்டும். இதுதான் இலட்சிய நிலை. நடுவில் ஒரே சீட் உள்ள ஃபார்முலா பந்தயக் காரில் இது எளிது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் காரில்தான் கஷ்டம்.

ஏன் கஷ்டம்? லாரி டிரைவர் நாற்காலியில் உட்காருவது போலக் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார். ஸ்போர்ட்ஸ் காரில் தரையோடு தரையாக உட்கார்ந்து காலை முன்னால் நீட்ட வேண்டும். இடுப்பு மூட்டு இருக்கும் புள்ளிக்கு எச்-பாயின்ட் என்று பெயர். குதிகாலிலிருந்து அந்தப் புள்ளிக்கு உள்ள உயரம் 405 மி.மீ.க்குள் இருந்தால் கார் வகை, அதற்கு மேல் போனால் லாரி, பஸ் வகை என்று எஸ்.ஏ.ஈ. தரநிலை பிரிக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் இந்த உயரம் மிகவும் குறைவு. உயரம் குறையக் குறையக் கால் முன்னால் நீளும். நீண்ட கால் நேராக முன் சக்கரத்தின் பக்கம் போய் நிற்கும். அங்கேதான் இடத்துக்குச் சண்டை ஆரம்பிக்கிறது.

2. காலுக்கும் சக்கரத்துக்கும் சண்டை

பெடல்களை இரண்டு விஷயங்கள் தள்ளுகின்றன. முன் சக்கரத்தின் வீல் ஆர்ச் அவற்றைக் காரின் நடுப்பக்கம் தள்ளும். எஞ்சின் முன்னால் இருந்து பின் சக்கரத்தை ஓட்டும் காரில், நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ் டனல் அவற்றை வெளிப்பக்கம் தள்ளும். யார் ஜெயிக்கிறார்களோ அந்தப் பக்கம் பெடல் போகும்.

முதல் வகைக்குப் பெயர் போன உதாரணம் போர்ஷே 911. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் இது முதலில் காட்டப்பட்டது. எஞ்சின் பின்னால் இருக்கிறது. முன்னால் பெரிய டனல் தேவையில்லை. ஆனால் முன் வீல் ஆர்ச் டிரைவரின் காலடிக்குள் நுழைகிறது. ஆகவே பழைய 911-இல் பெடல்கள் காரின் நடுப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வலதுபக்க ஸ்டீயரிங் உள்ள வண்டியில் உட்கார்ந்தால் கை நேராகவும் கால் இடது பக்கமாகவும் இருக்கும்.

மாஸ்தா எம்.எக்ஸ்-5 இன்னொரு பாடம். 1989-இல் வந்த ஜப்பானிய இரண்டு சீட் கார். எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்னால். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றே என்று பொருள்படும் "ஜின்பா இத்தாய்" என்ற சொல்லைத் தங்கள் நோக்கமாக அந்தப் பொறியாளர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்ட காரிலேயே முதல் இரண்டு தலைமுறையில் ஸ்டீயரிங் வீல் அசையாது. 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் மேலும் கீழும் சாய்க்கும் வசதி வந்தது. முன்னும் பின்னும் இழுக்கும் வசதி 2018-ஆம் ஆண்டு மாற்றத்தில்தான் வந்தது. அதுவும் 30 மி.மீ. அளவுதான். "வெறும் மூணு சென்டிமீட்டரா?" என்று கேட்கலாம். காலுக்குச் சரியாகச் சீட்டை வைத்தபின் கைக்கு எட்டாமல் தவித்த உயரமான ஆட்களுக்கு அந்த மூன்று சென்டிமீட்டர்தான் பெரிய விஷயம்.

சண்டையே வேண்டாம் என்று முடிவு செய்த காரும் உண்டு. 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்-1. வடிவமைத்தவர் கார்டன் மர்ரே. டிரைவரை நட்டநடுவில் உட்கார வைத்து, பயணிகள் இருவரை இருபுறமும் சற்றுப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். சீட், ஸ்டீயரிங், பெடல் மூன்றும் காரின் மையக்கோட்டிலேயே விழுந்துவிட்டன.

3. எது அதிகம் பாதிக்கிறது? ஒரு சின்னக் கணக்கு

ஸ்டீயரிங் வீல் பக்கவாட்டில் விலகியிருப்பது ஒரு வகைக் கோளாறு. வீல் திரும்பியிருப்பது, அதாவது அதன் முகம் டிரைவரை நேராகப் பார்க்காமல் கோணத்தில் இருப்பது, இன்னொரு வகை. இரண்டில் எது மோசம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீலின் விட்டம் 360 மி.மீ. இரு தோள்மூட்டுகளுக்கு இடையே 380 மி.மீ. தோளிலிருந்து வீலுக்கு முன்தூரம் 500 மி.மீ. என்று வைத்துக் கொள்வோம். கைகள் 9 மணி, 3 மணி இடங்களில் இருக்கின்றன.

வீல் 40 மி.மீ. இடதுபக்கம் விலகினால், இடது கை தோளுக்கு நேரிலிருந்து 30 மி.மீ. வெளியே போகிறது, வலது கை 50 மி.மீ. உள்ளே வருகிறது. பிதாகரஸ் தேற்றப்படி இடது கையின் நீட்டம் 500.9 மி.மீ., வலது கையின் நீட்டம் 502.5 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை!

இப்போது வீல் விலகவில்லை, ஆனால் 5° திரும்பியிருக்கிறது என்போம். ஒரு கைப்பிடிக்கும் மறு கைப்பிடிக்கும் முன்பின் வித்தியாசம் = 360 × சைன் 5° = 31 மி.மீ. ஒரு கை மூன்று சென்டிமீட்டர் அதிகம் நீள வேண்டும். நீட்ட முடியாவிட்டால் உடம்பு தானாகவே தோளைத் திருப்பிக் கொடுக்கும். நமக்குத் தெரியாமலேயே!

பெடலுக்கும் இதே கணக்கு. இடுப்பிலிருந்து பெடல் 900 மி.மீ. தூரத்தில் இருந்து, 60 மி.மீ. ஒருபக்கம் ஒதுங்கினால் கால் கிட்டத்தட்ட 4° திரும்பும். தோள் ஒரு பக்கம், கால் மறுபக்கம் திரும்பினால் நடுவில் இருக்கும் இடுப்பு முறுக்கப்பட்ட துணி மாதிரி ஆகிவிடும். கால் மணி நேரம் ஓட்டினால் தெரியாது. நான்கு மணி நேரம் ஓட்டினால் இறங்கும்போது "அம்மா!" என்று சொல்ல வைக்கும்.

ஆகவே கவனிக்க: விலகலைவிடக் கோணம் ஆபத்து.

4. ஸ்டீயரிங் ஷாஃப்டில் ஹூக்ஸ் ஜாயின்ட்

ஸ்டீயரிங் வீலும் ரேக்கின் பினியனும் ஒரே நேர்கோட்டில் அமைவது அபூர்வம். இடையில் எஞ்சின், பிரேக் பூஸ்டர், பெடல் எல்லாம் குறுக்கே நிற்கும். எனவே நடுவில் ஒரு ஷாஃப்டும், அதன் இரு முனையிலும் யூனிவர்சல் ஜாயின்ட்டும் வைக்கிறார்கள். தியரி ஆஃப் மெஷின்ஸில் படித்த அதே ஹூக்ஸ் ஜாயின்ட்தான்.

ஒரே ஒரு ஜாயின்ட் 30° கோணத்தில் இருந்தால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றில் இரண்டு முறை கூடிக் குறையும். குறைந்தபட்சம் காஸ் 30° = 0.866 மடங்கு; அதிகபட்சம் அதன் தலைகீழ் = 1.155 மடங்கு. இரண்டு ஜாயின்ட்டின் கோணமும் சமமாக இருந்து, எல்லா ஷாஃப்டும் ஒரே தளத்தில் அமைந்து, நடு ஷாஃப்டின் இரு ஃபோர்க்குகளும் ஒரே தளத்தில் இருந்தால், ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டிவிடும்.

நாம் செய்யும் தப்பு எங்கே? நடு ஷாஃப்டைக் கழற்றி ஸ்ப்ளைனில் பல் மாற்றி மாட்டிவிட்டால் இந்தச் சமன்பாடு கெட்டுவிடும். வளைவில் ஸ்டீயரிங் ஒரு இடத்தில் கனமாகவும் ஒரு இடத்தில் லேசாகவும் இருக்கும். கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட் கோடு போட்டுக் கொண்டால் பாதி வேலை முடிந்தது.

5. அளப்பது எப்படி?

பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். தூக்குக்குண்டு, மெல்லிய நூல், சாக்பீஸ், டேப் போதும்.

அ) காரைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக வையுங்கள்.
ஆ) ஹெட்ரெஸ்ட்டின் இரு கம்பிகளுக்கு நடுமையத்தைக் குறியுங்கள். அதுவே சீட்டின் நடு.
இ) அங்கிருந்து ஒரு நூலை ஸ்டீயரிங் வீலின் மையத்துக்கு இழுங்கள். தூக்குக்குண்டால் இரு முனைகளையும் தரைக்கு இறக்கி, கதவுப் படியிலிருந்து இரண்டின் தூரத்தையும் அளங்கள். வித்தியாசம்தான் விலகல்.
ஈ) வீலின் 9 மணி இடத்திலிருந்து சீட் முதுகின் இடது ஓரத்துக்கும், 3 மணி இடத்திலிருந்து வலது ஓரத்துக்கும் அளங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் சீட்டோ வீலோ திரும்பியிருக்கிறது.
உ) எது திரும்பியிருக்கிறது என்று தெரிய, சீட் ரெயில் இரண்டிலும் முன் முனையிலிருந்து அளந்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. "ஸ்டீயரிங் கோணலா இருக்கு" என்று வாடிக்கையாளர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. நேர் ரோட்டில் போகும்போது ஸ்போக் சாய்ந்திருந்தால் அது டை-ராடு வேலை. ஸ்போக் நேராக இருந்தும் தனக்கு எதிரே இல்லை என்றால் அது சீட், காலம் சம்பந்தப்பட்டது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஜாப் கார்டு எழுதக் கூடாது.

6. நான் செய்த தவறு

பயிற்சிக்குப் போன பட்டறைக்கு, துணிக்கூரை போட்ட சின்ன இரண்டு சீட் கார் ஒன்று வந்தது. மழையில் உள்ளே தண்ணீர் இறங்கிக் கார்ப்பெட் ஊறியிருந்தது. சீட்டைக் கழற்றிக் காயவைத்துத் திரும்ப மாட்டும் வேலை எனக்கு. மாட்டினேன். போல்ட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் கழித்து உரிமையாளர் வந்தார். "வண்டி நேரா போகுது, நான் மட்டும் கோணையா போற மாதிரி இருக்கு. இடது தோள் வலிக்குது" என்றார். ஜாப் கார்டில் வீல் அலைன்மென்ட் என்று எழுதினார்கள். எல்லா அளவும் சரி. வண்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் வந்துவிட்டார்.

இந்த முறை சீனியர் மெக்கானிக் அண்ணன் சீட்டில் போய் உட்கார்ந்தார். கையை நீட்டிப் பார்த்தார். "தம்பி, நூல் எடுத்துட்டு வா" என்றார். மேலே சொன்ன முறையில் அளந்தார். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 25 மி.மீ. வித்தியாசம்!

விஷயம் இதுதான். சீட் வெளியே இருந்தபோது இரண்டு ரெயிலும் தனித்தனியாக நகர்ந்துவிட்டன. இடது ரெயில் வலதைவிட இரண்டு பல் பின்னால் நின்றது. பல்லுக்கு 10 மி.மீ. வீதம் 20 மி.மீ. ரெயில்களுக்கு இடையே 400 மி.மீ. ஆக, சீட் கிட்டத்தட்ட 3° இடதுபக்கம் திரும்பிவிட்டது. இடது தோள் பின்னால் போனதால் இடது கை நீள வேண்டியிருந்தது. தோள்வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆனால் அண்ணன் முகம் மாறியது அதற்காக அல்ல. இடது ரெயிலின் லாட்ச்சை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். "டக்" என்று அப்போதுதான் பல்லில் விழுந்தது. அதாவது ஏழு நாளாக அந்தச் சீட் ஒரே ஒரு லாட்ச்சின் தயவில் ஓடியிருக்கிறது.

"தம்பி, சடன் பிரேக் அடிச்சா டிரைவர் காலால எவ்வளவு பலமா மிதிப்பார்? அந்த எதிர்விசை முழுக்க சீட்டைத்தான் பின்னால தள்ளும். சீட் நகர்ந்தா கால் பெடலை விட்டுப் போயிடும். அப்புறம் பிரேக் எங்க?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. "நான்தான் அண்ணே மாட்டினேன்" என்று மட்டும் சொன்னேன். "தெரியும். கழட்டு, திரும்ப மாட்டு, நான் பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அவர் அன்று சொல்லிக் கொடுத்த முறை: பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலை தொடங்கு, சீட்டுக்கு அடியில் ஏர்பேக், பெல்ட் ஒயர்கள் இருக்கும். மாட்டும் முன் இரு ரெயிலையும் கடைசிவரை தள்ளிப் பல்லை ஒப்பிடு. நான்கு போல்ட்டையும் முதலில் கையாலேயே பிடிக்க வை. சீட்டை முன்னும் பின்னும் முழுதாக நகர்த்திப் பார். பிறகு டார்க் ரெஞ்ச். கடைசியில் நீயே உட்கார்ந்து பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துப் பார்.

7. உட்காரும் முறை

முடிக்கும் முன் எல்லோருக்கும் பயன்படும் நான்கு வரி. முதலில் க்ளட்ச்சை முழுக்க மிதித்து, முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள். பிறகு தோள் சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு வீலின் உச்சியில் படும்படி முதுகைச் சரிசெய்யுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் மார்புக்கும் வீலின் மையத்துக்கும் 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. கண்ணாடிகளைக் கடைசியில் திருப்புங்கள்.

நண்பர்களே, நாம் நாளை எத்தனையோ வண்டிகளைக் கழற்றி மாட்டப் போகிறோம். போல்ட் இறுகிவிட்டது என்பது வேலை முடிந்ததற்கு அடையாளம் அல்ல. அந்தச் சீட்டில் நாம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வேலை முடிகிறது. அடுத்த ஒர்க்‌ஷாப் வகுப்பில் நூலும் டேப்பும் எடுத்து ஒரு காரையாவது அளந்து பாருங்கள். என்ன வித்தியாசம் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்!