மூன்று வருடம் கேளுங்கள், தம்பி

தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொள்ளும் அன்புத் தம்பிக்கு,

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தும் ஒரு கல்லூரி அணிக்குக் கோச்சாக இருந்தவர்தான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் அடித்துவைத்து இந்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1898இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்வி ஆசிரியராகப் போனார். நம் கல்லூரிகளில் பிசிகல் டைரக்டர் செய்கிற வேலையைத்தான் அங்கே அவர் செய்தார். 1907 வரை அணி அவர் கையில் இருந்தது. ஜெயித்த ஆட்டங்கள் 55, தோற்றவை 60. நூறாண்டைத் தாண்டிய கான்சஸ் கூடைப்பந்து வரலாற்றில், ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்ற ஒரே தலைமைப் பயிற்சியாளர் அவர்தான்.

அவரை அந்தக் கணக்கோடு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன், பின்னால் அதே கான்சஸில் 39 சீசன்கள் கோச்சாக இருந்தார். ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவருக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் தரமாட்டோம் என்றார்கள். நைஸ்மித் அவருக்கு விளையாட்டைக் கற்பிக்கும் கலையைச் சொல்லிக்கொடுத்தார். 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று முறை டென்னசி ஸ்டேட் அணியை தேசியக் கோப்பை வாங்கவைத்தவர் அந்த மெக்லெண்டன். நைஸ்மித்தின் 55க்கும் 60க்கும் நடுவே இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இப்போது தென்காசிக்கு வருவோம். ஒரு கல்லூரி அணி இன்டர் காலேஜ் போட்டியில் வருடா வருடம் முதல் சுற்றிலேயே வெளியே வருகிறது. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் இருந்து வருகிற அணிகள் முதல் பத்து நிமிடத்திலேயே ஆட்டத்தை முடித்துவிடுகின்றன. ஸ்டாஃப் ரூமில் பேச்சு எழுகிறது. நிர்வாகம் யோசிக்கிறது. அந்த இளம் கோச்சுக்கே இரவில் தூக்கம் வருவதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எந்தக் கோச்சும் எப்போதும் இருந்துகொண்டே இருக்கலாம் என்று இது சொல்லவில்லை. போக வேண்டிய கோச்சும் உண்டு. அவரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். கல்லூரி திறப்பது ஜூனில். குற்றாலத்தில் சீசன் தொடங்குவதும் ஜூனில்தான். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலைமோதுகிற அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டே இருக்கும். ஊருக்கெல்லாம் அது கொண்டாட்டம். திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்டை நம்பியிருக்கிற அணிக்கு அது பெரிய இடைஞ்சல். ஈரத்தரையில் லே-அப் போனால் கணுக்கால் போய்விடும். நனைந்த பந்து கையில் நிற்காது. சாரல் ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். புது மாணவர்களுக்கு அடிப்படை சொல்லித்தர வேண்டிய மாதங்களே இங்கே ஈரத்தில் போய்விடுகின்றன. கூரை போட்ட கோர்ட்டில் ஆடும் சென்னை அணிக்கு இந்தக் கவலை கிடையாது.

அடுத்தது பஸ். கடையநல்லூர், செங்கோட்டை, சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று நாலா பக்கமும் இருந்து வருகிற பிள்ளைகள், கடைசிப் பாடவேளை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். பெண்கள் அணி என்றால் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964இல் தொடங்கியது முதல் இந்த வட்டாரப் பெண்கள் வீட்டிலிருந்து போய்வந்து படிக்க வழி கிடைத்தது. போய்வந்து படிக்கிற பெண்களுக்கு மாலைப் பயிற்சி எவ்வளவு கடினம் என்பதைப் பெண்கள் அணியைப் பார்த்துக்கொள்கிற எவரும் அறிவார்கள். இதற்கு நடுவே ஆறடிப் பையன் ஒருவன் பள்ளியிலேயே நன்றாக ஆடினால், ஹாஸ்டலும் படிப்புச் செலவும் தருகிறோம் என்று சென்னைப் பல்கலைக்கழகங்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அழைத்துக்கொள்கின்றன. அவன் போகத்தான் வேண்டும். அது அவனுக்கு நல்லது. மிச்சம் கிடைப்பது வாலிபாலும் கபடியும் ஆடிப் பழகி, கல்லூரிக்கு வந்த பிறகுதான் கூடைப்பந்தைத் தொடுகிற பிள்ளைகள்.

இதையெல்லாம் சாக்காக அடுக்கவில்லை. தீர்ப்பு எழுதுகிறவருக்கு நிலவரம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நம் கலைக் கல்லூரியில் ஒரு மாணவன் இருப்பது மூன்று வருடம். முதல் வருடம் பந்தைப் பிடிக்கத் தெரியாமல் வந்தவன் மூன்றாம் வருடம் என்ன செய்கிறான் என்று பார்த்த பிறகுதான் கோச்சைப் பற்றிப் பேச முடியும். ஒரு செட் உள்ளே வந்து வெளியே போகும்வரை பொறுக்காத நிர்வாகம், இன்னொருவர் விட்டுப்போன அணியை வைத்து இவருக்கு மார்க் போடுகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்கு நேரான சாட்சி. மைக் ஷஷெஃப்ஸ்கி 1980இல் அங்கே கோச்சாக வந்தார். முதல் வருடம் 17 வெற்றி, 13 தோல்வி. இரண்டாம் வருடம் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாம் வருடம் 11 வெற்றி, 17 தோல்வி. அந்த மூன்றாம் வருடக் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று நொறுங்கினார்கள். நன்கொடை தருகிற பழைய மாணவர்கள் ஆளை மாற்று என்று நெருக்கினார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் 1984 ஜனவரியில் ஷஷெஃப்ஸ்கிக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தைப் புதிதாகக் கொடுத்தார்.

அந்த நெருக்கடியில் பட்டர்ஸ் எதைப் பார்த்திருக்க முடியும்? 11-17 என்ற மோசமான வருடத்தில் கோர்ட்டில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ், டேவிட் ஹெண்டர்சன் நால்வரும் முதல் வருடப் பையன்கள். அதே நால்வர் 1986இல் கடைசி வருட மாணவர்களாக 37 ஆட்டங்களை ஜெயித்து, தேசிய இறுதி ஆட்டம்வரை போய், லூயிவில்லிடம் மூன்றே புள்ளியில் தோற்றார்கள். முதல் கோப்பை 1991இல்தான் வந்தது. பிறகு 1992, 2001, 2010, 2015. தோல்விக் கணக்கில் தெரிந்த அதே பையன்களிடம்தான் அணியின் எதிர்காலமும் இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு பெரிய கோச்சை நடுவில் நீக்கினால் மிச்ச ஒப்பந்தக் காலத்துக்குப் பணம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். இங்கே ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் இளைஞருக்கு அடுத்த மாதச் சம்பளம் நின்றுபோகும்; அவ்வளவுதான். வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் என்ன பதில் சொல்வது என்ற கேள்வி அவருக்கு உண்டு. அதனாலேயே இங்கே தீர்ப்பு இன்னும் நிதானமாக வர வேண்டும்.

சரி, பொறுத்தால் போதுமா? போதாது. தோற்ற கோச் தோல்விக்குப் பிறகு என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீமைவிடப் பெரிய உதாரணம் நம் நாட்டில் கிடையாது. அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் அவருடைய கால்பந்து அணி தங்கம் வாங்கியது. அடுத்த வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அந்தக் குளிரில் நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பத்து கோல்! நம் ஊரில் ஒரு கோச்சின் பெயரைக் கெடுக்க அதில் பாதி போதும்.

அந்தத் தோல்விக்குப் பிறகு பூட்ஸ் இல்லாமல் ஆடக்கூடாது என்று கால்பந்து சம்மேளனம் விதி கொண்டுவந்தது. ரஹீம் தன் பங்குக்கு ஆட்ட முறையை மாற்றினார். ஐரோப்பாவில் ஹங்கேரி ஆடிய விதத்தைக் கவனித்து, வீரர்களை நிறுத்தும் முறையைத் திருத்தினார். 1956 மெல்போர்னில் மறுபடியும் அவர்தான் கோச். ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போய், நான்காம் இடத்தில் முடித்தார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு மேல் போனதே இல்லை. 1962 ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றார்கள். அதே தென்கொரியாவை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் அந்த அணியின் முக்கியமான ஆட்டக்காரர். அந்த நாட்களில் ரஹீமுக்குப் புற்றுநோய்; 1963 ஜூனில் இறந்துபோனார்.

1952இலேயே அவரைத் தூக்கியெறிந்திருந்தால் 1956ம் இல்லை, 1962ம் இல்லை. 1952க்குப் பிறகும் அவர் பழைய முறையிலேயே ஆடவிட்டிருந்தால் தூக்கியிருக்கத்தான் வேண்டும். தென்காசித் தம்பி தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது: போன வருடத் தோல்விக்குப் பிறகு இந்த வருடப் பயிற்சியில் என்ன மாறியிருக்கிறது? ஒன்றும் மாறவில்லை என்றால் சாரலையும் பஸ்ஸையும் காரணம் காட்ட அவருக்கு உரிமையில்லை.

கூடைப்பந்திலேயே ஒரு சின்ன உதாரணம். இந்திய ஆண்கள் அணி 2011 ஆசியப் போட்டியில் 14ஆம் இடம், 2013இல் 11ஆம் இடம். பெருமைப்பட ஒன்றுமில்லை என்று பேசினார்கள். 2012இல் கோச்சாக வந்த ஸ்காட் ஃப்ளெமிங் அமெரிக்காவில் சின்னக் கல்லூரிகளில் பழகியவர். 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில், சீன அணியை 65-58 என்று இந்தியா ஜெயித்தது. அதற்கு முன் நடக்காதது அது.

இனி, போக வேண்டிய கோச்சைப் பற்றி. இண்டியானா பல்கலைக்கழகத்தின் பாப் நைட் மூன்று தேசியக் கோப்பைகள் வாங்கியவர்: 1976, 1981, 1987. அதில் 1976ஆம் வருட அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஷஷெஃப்ஸ்கி மாணவனாக ராணுவக் கல்லூரியில் ஆடியதும் இவரிடம்தான். 1997இல் பயிற்சியின்போது இவர் ஒரு மாணவனின் கழுத்தில் கை வைக்கும் காட்சி பிற்பாடு தொலைக்காட்சியில் வெளியானது. எச்சரித்தார்கள், நடத்தை மாறவில்லை, 2000 செப்டம்பரில் வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது சரி. இன்னும் முன்பே செய்திருக்க வேண்டியது. நம் பக்கத்திலும் 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் மாணவிகள் கொடுத்த புகாரின்பேரில் போக்சோ சட்டத்தில் கைதானார். பதக்கம் வாங்கித் தருகிற ஆளாயிற்றே என்று வாய்மூடி இருக்கிற வழக்கம் எத்தனை பிள்ளைகளைப் பாழாக்கியிருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. கை ஓங்குகிறவர், மாணவியிடம் வரம்பு மீறுகிறவர், படிக்காத ஆளைப் பெயருக்குச் சேர்த்து ஆடவைத்து ஜெயிக்கிறவர், இவர்கள் எத்தனை கோப்பை கொண்டுவந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். இந்த விஷயத்தில் மூன்று வருடமும் கிடையாது, மூன்று நாளும் கிடையாது.

தம்பியிடம் அந்தக் குறை இல்லை என்றால், முதல்வர் அறைக்கு அவர் ராஜினாமாக் கடிதத்தோடு போகத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகட்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் நூறு ஃப்ரீ த்ரோவில் எத்தனை போட்டது, ஒரு மேட்சில் பந்தை எத்தனை முறை எதிரணிக்குப் பறிகொடுத்தது, பயிற்சிக்கு எத்தனை நாள் வந்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இதுவரை எழுதவில்லை என்றால் நாளைக்கே தொடங்கலாம். தோற்ற ஆட்டத்திலும் ஒரு பையன் நன்றாக ஆடி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம். பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்குக் கிடைக்கும் 'ஃபார்ம் 3' சான்றிதழ் ரயில்வேயிலும் வருமான வரித் துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கக் கதவைத் திறக்கும். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் தனியாக உண்டு. செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பையன் அந்த வாசல்வரை போய் நின்றான் என்றால், கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் கோப்பை இல்லை என்பது என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கேட்க வேண்டியதையும் தெளிவாகக் கேட்கட்டும். இப்போது முதல் வருடத்தில் இருக்கிற பிள்ளைகள் படிப்பை முடித்துப் போகும்வரை, எழுத்தில், மூன்று வருடம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கல்லூரி அரங்கத்திலோ நீளமான வராந்தாவிலோ தினமும் ஒரு மணி நேரம் இடம். அங்கே டிரிபிளும் பாஸும் பழக்கலாம், ரிங் தேவையில்லை. சாயங்காலப் பயிற்சியைக் காலைக்கு மாற்ற அனுமதி, அந்த நேரத்துக்கு வருகிற பஸ் எது என்று பார்த்து. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்ட அளவிலேயே ஆடலாம். கல்லூரிப் பிரிவும் அதில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரே ஒரு இன்டர் காலேஜ் ஆட்டம் ஆடித் தோற்றுத் திரும்புகிற அணிக்கு அது கூடுதல் மேட்ச். கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் பிள்ளைகளை ஒரு நாளாவது அழைத்துப் போக வண்டிச் செலவு கேட்கலாம். ரயில்வே அணியும் வங்கி அணியும் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், ஜோன் டிஃபென்ஸ் என்று கரும்பலகையில் வரைந்து காட்டியது என்னவென்று அவர்களுக்கு ஒரே மாலையில் விளங்கும்.

இவ்வளவும் கேட்ட பிறகும் நிர்வாகம் முடியாது என்று சொல்லலாம். அப்போது சண்டை வேண்டாம். அந்த நோட்டை அடுத்து வருகிற கோச்சிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தப் பையனுக்கு முழங்காலில் அடி, எந்தப் பெண்ணுக்கு ஐந்தேகால் பஸ் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். முதல் வருடப் பிள்ளைகளைக் கோர்ட்டில் உட்காரவைத்து, போகிற செய்தியை நீங்களே சொல்லுங்கள். வேறு யார் வாயாலும் அவர்கள் அதைக் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்