அவங்ககிட்டயே கேட்கலாமா? காதல் விஷயத்தில் ஆலோசனை கேட்கும் முறை



இளைஞர் வகுப்பு முடிஞ்ச பிறகு, செருப்பு போடுற இடத்துல நின்னு மெதுவான குரல்ல கேட்கப்படும் சில கேள்விகள் உண்டு. வகுப்பு நடக்கும்போது யாரும் கையைத் தூக்கிக் கேட்க மாட்டாங்க.

"அக்கா, ஒரு பொண்ணு என் மெசேஜைப் பார்த்துட்டா, நீல டிக் வந்துடுச்சு, ஆனா பதில் இல்ல. என்ன அர்த்தம்?"

"அண்ணே, பையன்க ஒரு வாரம் நல்லா பேசுறாங்க, அப்புறம் ஏன் திடீர்னு காணாம போறாங்க?"

தம்பி அக்காவிடம் கேட்கிறான். தங்கை அண்ணனிடம் கேட்கிறாள். 'பொண்ணுங்க மனசு பொண்ணுக்குத்தான் தெரியும், பையன் புத்தி பையனுக்குத்தான் தெரியும்' என்ற நம்பிக்கைதான் காரணம். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? யாரிடம் கேட்கலாம், எதைக் கேட்கலாம், நம்மிடம் யாராவது கேட்டால் என்ன செய்யணும்? இதுதான் இந்த மாதப் பாடம்.

1. இது புதுப் பழக்கம் இல்லை

காதல் விஷயத்தில் எதிர்பாலரிடம் உதவி கேட்பது நம்ம சமயத்துக்கும் பண்பாட்டுக்கும் ஒவ்வாதது என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்கள் எட்டாம் திருமுறையை எடுத்துப் பாருங்கள். மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்தை நாம கோயிலில் ஓதுகிறோம். அதே எட்டாம் திருமுறையில் இன்னொரு நூலும் இருக்கு: திருக்கோவையார். 400 பாடல்கள், 25 அதிகாரங்கள். ஒரு தலைவனும் தலைவியும் சந்திப்பதில் தொடங்கி, மணம் முடிந்து இல்லறம் நடத்துவது வரை கதை போலப் போகிறது. உயிர் இறைவனை நாடுவதே இதன் உட்பொருள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேலே தெரியும் பொருள் காதல்தான்.

அந்தக் காதலில் தலைவன் முதலில் போவது தன் நண்பனிடம். பாங்கன் என்று அவனுக்குப் பெயர். பாங்கன் உடனே கைதட்டி உற்சாகப்படுத்தவில்லை. 'உன்னைப் போன்றவன் இப்படி நிலைகுலையலாமா' என்று கண்டிக்கிறான். பிறகுதான் உதவுகிறான்.

அடுத்ததாகத் தலைவன் போவது ஒரு பெண்ணிடம். தலைவியின் தோழியிடம். நேராக விஷயத்தைச் சொல்லத் தைரியம் வரல. அதனால், 'இந்தப் பக்கம் ஒரு யானை வந்துச்சா?', 'மான் வந்துச்சா?', 'உங்க ஊர் எது?', 'பேர் என்ன?' என்று ஏதேதோ கேட்டு நிற்கிறான். இன்றைக்கு நம்ம பையன் ஒருத்தன், "உங்க கூட்டாளி அந்த அசைன்மெண்ட் அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டு நிற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யானையைத் தேடி வந்தவன் இல்லைன்னு தோழிக்கு நல்லாவே தெரியும்.

2. தோழி என்ன செய்தாள்?

தோழி செய்தது நாலு வேலை. நல்ல ஆலோசகருக்கு இலக்கணமே இதுதான்.

முதல் வேலை, அவள் அவசரப்படவில்லை. தலைவன் அன்பளிப்பாகத் தழை கொண்டு வருகிறான். 'இந்தத் தழை எங்க நிலத்துல கிடைக்காது, இதை அவ உடுத்தினா எங்கேயிருந்து வந்துச்சுன்னு ஊர் கேட்கும்' என்று மறுக்கிறாள். இப்படித் தூரத்தில் நிறுத்திவைப்பதற்கு 'சேட்படை' என்று ஒரு தனி அதிகாரமே இருக்கு. தலைவன் தரும் பொருள் தலைவிக்கு எப்படிப்பட்ட சிக்கலைக் கொண்டுவரும் என்று அவள் யோசிக்கிறாள். தலைவனுக்கு அது தோணவே இல்லை.

இரண்டாவது, அவள் தலைவியின் மனசைத் தானே தீர்மானிக்கவில்லை. தலைவி என்ன நினைக்கிறாள் என்று பார்த்து அறிந்த பிறகே அடுத்த அடி வைத்தாள்.

மூன்றாவது, 'வரைவு கடாதல்'. சும்மா வந்து வந்து போகாதே, பொறுப்பு எடு, மணம் பேசு என்று தலைவனை நெருக்கினாள்.

நான்காவது, 'அறத்தொடு நிற்றல்'. ரகசியத்தைக் காக்க வேண்டிய நேரத்தில் காத்தாள். பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டிய நேரம் வந்ததும் செவிலித்தாயிடம் உண்மையைச் சொன்னாள். செவிலி வழியாக அது பெற்ற தாய்க்குப் போனது.

அகப்பாடல்களில் இன்னொரு விதியும் உண்டு. காதலரின் இயற்பெயர் சொல்லக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். இத்தனை நுணுக்கமான உணர்வுகளைப் பேசிய நம் முன்னோர், இன்னார் மகள், இன்னார் மகன் என்று யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த ஒரு விதியை மட்டும் இன்றைக்கு நாம கடைப்பிடிச்சாலே பாதிப் பிரச்சனை வராது.

3. ஒரு பொண்ணு எல்லாப் பொண்ணும் இல்லை

இப்போ ஒரு சம்பவத்தை எடுத்துக்குவோம். கற்பனைதான், ஆனா நடக்கக்கூடியது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி. தன்னோடு தேவார வகுப்புக்கு வரும் பெண்ணைப் பிடிச்சிருக்கு. என்ன செய்யலாம்னு கூடப் படிக்கும் ஒரு பொண்ணுகிட்ட கேட்டான். "பொண்ணுங்களுக்கு சர்ப்ரைஸ்னா ரொம்பப் பிடிக்கும்டா, தைரியமா போய்ச் சொல்லு" என்றாள் அவள். அவன் கேக்கும் பூவும் வாங்கிக்கொண்டு, அந்தப் பெண் பகுதிநேர வேலை செய்யும் கடைக்கே போய்விட்டான். கூட வேலை செய்கிறவங்க போன்ல படம் பிடிக்கிறாங்க. சூப்பர்வைசர் பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிப் போச்சு. சிரிச்சு வைக்கவும் முடியல, வேண்டாம்னு சொல்லவும் முடியல. அடுத்த வாரத்திலிருந்து அவள் தேவார வகுப்புக்கே வரவில்லை.

ஆலோசனை சொன்னவள் கெட்டவள் இல்லை. தனக்கு எது பிடிக்குமோ அதைச் சொன்னாள். கேட்டவனும் கெட்டவன் இல்லை. ஆனா, 'பொண்ணுங்களுக்கு என்ன பிடிக்கும்' என்று பொதுவாகக் கேட்டான். ஒரு குறிப்பிட்ட மனுஷியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. நஷ்டம் யாருக்கு? ஒரு தப்பும் செய்யாத அந்தப் பெண்ணுக்கு. அவளுடைய வகுப்பு போச்சு.

உங்க பெண் தோழி ஒரு பெண். அவள் எல்லாப் பெண்களின் பிரதிநிதி இல்லை. உங்க ஆண் நண்பனும் அப்படித்தான்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு" என்று கேட்பதும் இதே மாதிரிதான். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கு: பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. காதலில் குறிப்பறிவது பெரும்பாலும் கண்ணைப் பார்த்து. ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கண் இல்லை. அதைப் பார்த்து யார் அர்த்தம் சொன்னாலும் அது ஊகம்தான். அது மட்டுமா? உங்களை நம்பி ஒருத்தர் எழுதியதை அவருக்குத் தெரியாமல் மூன்றாவது ஆளுக்குக் காட்டுகிறீர்கள். அது நம்பிக்கைத் துரோகம்.

4. எதைக் கேட்கலாம்? யாரிடம் கேட்கலாம்?

ஒரு எளிய அளவுகோல் தருகிறேன். உங்க கேள்வி உங்களைத் திருத்துமா, இல்ல இன்னொருத்தரை வளைக்குமா?

"நான் பேசுறது தொந்தரவா தெரியுதா?", "கூட்டத்துல வெச்சு ஒரு பொண்ணுகிட்ட இப்படிப் பேசினா அவளுக்கு எப்படி இருக்கும்?", "ஒரு பையன் குடும்பப் பாரத்தைச் சுமக்கும்போது வெளிய சொல்லாம இருக்கிறது ஏன்?" இவை நல்ல கேள்விகள். எதிர்பாலரால்தான் இவற்றுக்கு நல்லா பதில் சொல்ல முடியும். ஏன்னா நமக்குத் தெரியாத பக்கத்தை அவங்க தினமும் வாழுறாங்க. ராத்திரி எல்.ஆர்.டி.யில தனியா வரும் பயம் பையனுக்குச் சுலபத்தில் புரியாது. அழக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட கஷ்டம் பொண்ணுக்குச் சுலபத்தில் புரியாது.

"அவளை எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?", "அவனைப் பொறாமைப்பட வைக்க என்ன செய்யணும்?" இவை தவறான கேள்விகள். யார் பதில் சொன்னாலும் வழி கோணலாத்தான் போகும்.

யாரிடம் கேட்பது? முதலில் வீட்டைப் பாருங்க. அக்கா, தங்கச்சி, அண்ணன், அண்ணி, அத்தை, மாமா. இவங்களுக்கு உங்ககிட்ட எந்த ஆதாயமும் இல்லை. உங்க நல்லது கெட்டது தெரியும். அடுத்து, மணமாகி நல்லபடியா வாழும் மூத்தவர்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து வைத்துக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். அதன் பிறகுதான் சம வயது நண்பர்கள்.

சம வயது எதிர்பாலரிடம் கேட்கும்போது இரண்டு கவனம் வேணும். ஒன்று, ராத்திரி ஒரு மணி வரை மனசைக் கொட்டிக்கொண்டே இருந்தால் ஆலோசனை எங்கே முடியுது, ஒட்டுதல் எங்கே தொடங்குதுன்னு இரண்டு பேருக்கும் தெரியாமல் போகும். இரண்டு, ஏற்கெனவே ஒருவரோடு பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவரிடம் பேச வேண்டியதை இன்னொரு பெண்ணிடமோ ஆணிடமோ பேசிப் பழகாதீங்க. சண்டையைத் தீர்க்க வேண்டியவங்க அந்த இரண்டு பேர்தான்.

5. உங்களிடம் ஒருவர் கேட்டால்

அப்போ நீங்கதான் தோழி, நீங்கதான் பாங்கன். பெயர் சொல்லாமல் கேட்டால் பெயரைத் துருவாதீங்க. தெரிஞ்சதைக் குழுவில் போடாதீங்க. 'எனக்கு இப்படித் தோணுது, ஆனா அவங்க எப்படி நினைப்பாங்கன்னு தெரியாது' என்று சொல்லப் பழகுங்க. தூது போகச் சொன்னால், அந்தப் பக்கத்து ஆளுக்கு அது சம்மதமான்னு முதலில் கேளுங்க. தவறு கண்டால், பாங்கன் மாதிரி முகத்துக்கு நேரா கண்டியுங்க.

சில ரகசியங்களைக் காக்கவே கூடாது. அடி, மிரட்டல், அந்தரங்கப் படம் கேட்டுத் தொல்லை, பெரியவர் ஒருவர் வயதில் சிறியவரிடம் பழகுவது, 'செத்துப் போறேன்' என்ற பேச்சு. இங்கே அறத்தொடு நிற்பதுதான் நட்பு. பெற்றோரிடமோ பொறுப்பான ஆசிரியரிடமோ சொல்லுங்க. தாலியான் காசே உதவி எண் 15999. மனம் உடைந்து பேச ஆள் வேணும்னா பிஃபிரெண்டர்ஸ் 03-76272929.

6. பதில் 'வேண்டாம்' என்றால்

இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இதுதான். "தோழி மறுத்தும் தலைவன் விடாம வந்தானே, மடலேறுவேன்னு கூடச் சொன்னானே" என்று ஒரு கெட்டிக்காரத் தம்பி கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே தலைவியின் மனம் முன்பே தலைவனிடம் இசைந்திருக்கிறது. தோழி மறுப்பது அவனைச் சோதிக்க. ஒருபக்கம் மட்டும் ஆசை இருந்தால் அதற்குத் தொல்காப்பியம் வைத்த பெயரே வேறு: கைக்கிளை. அதை அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் வெளியே நிறுத்தியது நம் மரபு.

ஆகவே 'பொண்ணுங்க முதல்ல இல்லன்னுதான் சொல்வாங்க, விடாம பின்னாடி போ' என்று யார் ஆலோசனை சொன்னாலும், சொன்னது ஒரு பெண்ணாகவே இருந்தாலும், ஏற்காதீங்க. சினிமாவில் அது பாட்டோடு முடியும். நம்ம நாட்டில் 2023இல் தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தோ தொடர்புகொண்டோ மன உளைச்சல், பயம் உண்டாக்குவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பொண்ணு பையனைத் துரத்தினாலும் இதே சட்டம்தான்.

'வேண்டாம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, மறுநாள் அதே வகுப்பில் அவங்க சங்கடமில்லாமல் உட்காரும்படி நடந்துகொள்பவன் ஆண்மையுள்ளவன். நடந்துகொள்பவள் பண்புள்ளவள். யாரையும் கேட்காமலே பின்பற்றக்கூடிய ஆலோசனை இது.

கலந்துரையாடல்

1. தோழியின் நான்கு செயல்களில் இன்றைய நண்பர்களிடம் அதிகம் குறைவது எது? ஏன்?
2. 3ஆம் பகுதியில் வரும் தம்பி என்ன கேள்வி கேட்டிருக்கலாம்? அந்தத் தோழி என்ன பதில் சொல்லியிருக்கலாம்?
3. எந்த ரகசியத்தைக் காக்கணும், எதைச் சொல்லியே ஆகணும்? எல்லையை எப்படி அறிவது?

இந்த வாரப் பயிற்சி: வகுப்பில் ஆளுக்கு ஒரு தாளில், எதிர்பாலரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வியைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடுங்கள். தம்பிகளின் கேள்விக்கு மணமான ஓர் அக்காவும், தங்கைகளின் கேள்விக்கு மணமான ஓர் அண்ணனும் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்லட்டும். செருப்பு போடுற இடத்தில் தயங்கிக் கேட்டதை இனி வகுப்பிலேயே கேட்கலாம்.