கட்டளையை மறுக்கக் கற்ற நாய்

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று ஆரம்பப் பள்ளிக் கட்டுரையில் நாம எல்லாருமே எழுதியிருப்போம். அதே நாய் மனிதனின் உடல்நலத்துக்கு என்ன செய்கிறது? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு வேறுபாடு. வீட்டில் பாசத்துக்காக வளர்ப்பது துணை நாய். ஊனமோ நோயோ உள்ள ஒருவருக்காகத் தனிப் பயிற்சி பெற்றது சேவை நாய்.

1. வழிகாட்டி நாய்

முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக, 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1929-இல் அமெரிக்காவிலும் இப்படி ஒரு பள்ளி வந்தது.

இந்த நாய் சிக்னல் விளக்கைப் பார்த்துச் சாலையைக் கடப்பதில்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டு, எப்போது கடப்பது என்று முடிவெடுப்பவர் பார்வையற்றவர்தான். அவர் "போ" என்று சொல்லும்போது ஒரு கார் வந்தால், நாய் நகராது. கட்டளையை மறுக்கும்! இதற்கும் பயிற்சி உண்டு.

பொறியியல் படிக்கிற எனக்கு இது இன்டர்லாக் மாதிரி தெரிகிறது. கதவு திறந்திருந்தால், பட்டனை அழுத்தினாலும் இயந்திரம் ஓடாது இல்லையா? ஆனா நாய் அதையும் தாண்டிப் போகிறது. தனக்கு இடிக்காத, ஆனால் கூட வருபவரின் தலையில் இடிக்கக்கூடிய மரக்கிளையையும் கவனித்து நிற்கிறது.

2. மோப்பம்

நம்ம குடும்பங்களில் இனிப்புநீர் வியாதி புதுசில்லை. ரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரென இறங்கும்போது உடல் வாசனை மாறும். அதை முகர்ந்து எச்சரிக்கப் பழக்கிய நாய்கள் உண்டு. ஆனாலும் நாய் தவறவிடலாம். குளுக்கோஸ் மீட்டரை ஓரங்கட்டிவிடக் கூடாது.

3. துணை நாய்

1980-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 92 இதய நோயாளிகளை ஓராண்டு கவனித்தார்கள். செல்லப்பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள். இல்லாத 39 பேரில் 11 பேர். உடனே "நாய் வாங்கினா இதயம் சரியாகிடும்" என்று முடிவு கட்ட வேண்டாம். ஆய்வு சின்னது. நாய் மட்டுமல்ல, வேறு பிராணிகளும் அதில் இருந்தன. காரணம் பிராணிதான் என்றும் அது நிரூபிக்கவில்லை. ஆனால் நாய் இருந்தால் தினமும் நடக்க வேண்டும், தனிமையும் குறையும். நாயும் உரிமையாளரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவருக்குமே ஆக்ஸிடோசின் ஹார்மோன் கூடுவதை 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

4. நாம் செய்ய வேண்டியது

சிங்கப்பூரில் எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் வழிகாட்டி நாய் ஏறலாம். அதைப் பார்த்தால்:

• தடவாதீர்கள், கூப்பிடாதீர்கள், தீனி போடாதீர்கள், போட்டோவுக்காக மறிக்காதீர்கள். ஒரு விநாடி அதன் கவனம் சிதறினால், அது பார்த்திருக்க வேண்டிய காரை யார் பார்ப்பது?
• உதவ நினைத்தால் அந்த மனிதரிடம் கேளுங்கள். அவர் கையையோ நாயின் கைப்பிடியையோ பிடித்து இழுக்காதீர்கள்.
• நாய்க்குப் பயப்படும் நண்பர் உடன் இருந்தால், அமைதியாக ஒதுங்கி வழி விடுங்கள்.

கலந்துரையாட

தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் நுழைய மாட்டேன் என்றார் தருமர். இந்தக் கதை நமக்குத் தெரியும். இப்போது நீங்கள் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பகுதி நேர வேலை செய்கிறீர்கள். பார்வையற்ற ஒருவர் வழிகாட்டி நாயோடு வாசலில் நிற்கிறார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் முதலில் யாரிடம் போய்ப் பேசுவீர்கள்? என்ன சொல்வீர்கள்?