விருந்துக்கு யாரை அழைப்போம்?

வேதபாடம்: லூக்கா 14:1-14





பண்டிகை நெருங்கும்போது வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், புதுத்துணி எடுக்கிறோம், முறுக்கும் அதிரசமும் சுடுகிறோம். பலகாரத் தட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகிறது. அந்தத் தட்டு வெறுமையாய்த் திரும்புவதில்லை. தீபாவளிக்கோ ரம்ஜானுக்கோ அவர்கள் வீட்டிலிருந்து நமக்கும் பலகாரம் வரும். இது நல்ல வழக்கம்தான். ஆனால் ஆண்டவர் நம்மை இதற்கும் ஒரு படி அப்பால் அழைக்கிறார். அந்தப் படி எது என்பதே இம்மாதத் தியானம்.

1. விருந்து வீட்டில் ஒரு நோயாளி

அது ஓய்வுநாள். பரிசேயரில் தலைவன் ஒருவனுடைய வீட்டில் ஆண்டவர் போஜனம்பண்ணப் போயிருந்தார். நீர்க்கோவை வியாதியுள்ள ஒருவன் அங்கே அவருக்கு முன்பாக இருந்தான். அவன் அழைக்கப்பட்டு வந்தவனா, தானாக வந்தவனா என்று லூக்கா எழுதவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் இயேசு என்ன செய்வார் என்று அவரையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். இயேசுவோ அந்த நோயாளியைக் கவனித்தார். அவனைச் சொஸ்தமாக்கி அனுப்பிவிட்ட பிறகுதான் பந்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நம்முடைய பண்டிகைக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்: முதலில் வேதனைப்படுகிறவன், பிறகு பந்தி.

2. திரும்பி வராத தட்டு

விருந்து வைக்கும்போது சிநேகிதரையும் இனத்தாரையும் வசதியுள்ள அயலகத்தாரையும் அல்ல, ஏழைகளையும் ஊனமுற்றோரையும் நடக்க முடியாதவர்களையும் பார்வையற்றோரையும் அழைக்கும்படி ஆண்டவர் சொல்லுகிறார். உறவினரோடு உண்பது பாவம் என்பது இதன் பொருள் அல்ல. ஆண்டவரே கானாவூர்க் கலியாணத்துக்குப் போனவர்தான். பதிலுக்குப் பதில் கிடைத்தவுடன் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது என்பதே அவருடைய எச்சரிக்கை. பதில் செய்யக்கூடாதவனுக்குச் செய்த நன்மையின் கணக்கோ தேவனிடத்தில் நிற்கிறது.

3. ஒரு தபால் குமாஸ்தாவின் எண்ணம்

இதற்கு ஒரு நல்ல சாட்சி டென்மார்க் தேசத்தில் உண்டு. ஐனார் ஹோல்பெல் என்பவர் கோபன்ஹேகனில் தபால் துறையில் வேலை பார்த்தவர். 1903-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் மலைபோல் குவிந்த வாழ்த்துக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் எழுந்தது. ஒவ்வொரு உறையிலும் தபால்தலையோடு மலிவான ஒரு வில்லையையும் ஒட்டினால், அந்தப் பணம் காசநோயால் வாடும் பிள்ளைகளுக்கு உதவுமே! அரசரும் சம்மதித்தார். 1904 டிசம்பரில் வெளியான முதல் வில்லையின் விலை 2 ஓரே மட்டுமே. 40 லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. அப்படிச் சேர்ந்த பணத்தில் கோல்டிங் நகரில் பிள்ளைகளுக்கான சானடோரியம் 1911-ல் எழும்பியது.

அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் ஒரு சிறு காசநோய் இல்லம் 300 டாலர் இல்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தது. எமிலி பிஸ்ஸெல் என்ற அம்மையார் டென்மார்க்கின் முயற்சியைப் பற்றிப் படித்து, 1907-ல் அதேபோல் ஒரு வில்லையை ஒரு சென்ட் விலையில் விற்றார். கிடைத்தது சுமார் 3,000 டாலர். கேட்டதற்குப் பத்து மடங்கு!

அந்த வில்லைகளை வாங்கியவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். பிள்ளைகளாலும் அவர்களுக்குத் திரும்பச் செய்ய முடியாது. இதுவே திரும்பி வராத தட்டு.

4. திரும்பி வருகிற சமாரியன்

இங்கே என் குறை ஒன்றையும் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் கீதக் குழுவோடு ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போயிருந்தேன். பாடினோம், கேக் கொடுத்தோம், ஜெபித்தோம், பத்தே நிமிஷத்தில் புறப்பட்டோம். ஒரு வயதான தாயார், "ஐயா, எனக்குச் சர்க்கரை. கேக் வேண்டாம். கொஞ்ச நேரம் உட்காருங்களேன்" என்றார். "நேரமாகிறது அம்மா, நாளைக்கு வருகிறேன்" என்றேன். மூன்றாம் நாள்தான் போனேன். கட்டிலில் வேறொருவர் இருந்தார். தாயாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக நர்ஸ் சொன்னார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

லூக்கா 10-ல் வரும் சமாரியன் அப்படிச் செய்யவில்லை. காயங்களைக் கட்டினான், இராத்திரி கூட இருந்தான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அது அக்காலத்தில் இரண்டு நாள் கூலி. அதோடு நில்லாமல், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்குக் கொடுத்தான். அன்பு ஒரு நாளோடு முடிவதல்ல.

நோயும் ஒரு நாளில் முடிவதல்ல. காசநோய்க்கு இன்றும் வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். நம் நாட்டில் அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். ஆனால் ஆறு மாதமும் ஒரு குடும்பம் இழக்கும் கூலி, சத்துள்ள ஆகாரம், பஸ் செலவு இவற்றை யார் தாங்குவது? கொஞ்சம் சுகமானதும் மருந்தை நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். டிசம்பரில் கேக் கொடுக்கிற கை, மார்ச் மாதத்தில் அரிசியும் முட்டையும் கொடுக்கிற கையாகவும் இருக்கட்டும்.

நாம் செய்யக்கூடியவை

• பண்டிகைச் செலவுக் கணக்கில், பதில் செய்ய இயலாத ஒரு குடும்பத்தின் பெயரையும் முதலிலேயே எழுதுங்கள்.
• நோயாளியைப் பார்க்கப் போனால் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள். எதைச் சாப்பிடலாம் என்று நர்ஸிடம் விசாரித்துக் கொடுங்கள்.
• கட்டிலருகே விழித்திருக்கும் துணையாளுக்கும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோங்கள்.
• பெறுகிறவர் வெட்கப்படும்படி புகைப்படம் எடுக்கவேண்டாம்.
• ஜனவரியில் மறுபடியும் போங்கள்.

சிந்திக்க: சென்ற கிறிஸ்துமஸில் நான் கொடுத்தவற்றில் திரும்பி வராதது எது? நான் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிப் போகாத இடம் எது?

ஜெபம்: அன்பின் பிதாவே, சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் பிறந்த உம்முடைய குமாரனுக்காக ஸ்தோத்திரம். எங்கள் பந்தியில் இடம் இல்லாதவர்களை எங்களுக்குக் காண்பியும். கொடுத்த வாக்கை நிறைவேற்றக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.